கோயம்புத்தூர் இரண்டும் மினுங்காத கறுப்பும்

இரண்டு பொங்கலுக்கு முன் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பீளமேட்டுக்காரர், மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்கு நான் காட்டியது ஒரு கறுப்பு விமானம், துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிச் செய்த மாடல். நான்கு மாத உழைப்பு. முந்தின வாரம்தான் கடைசிப் பூச்சு முடிந்திருந்தது.

அவர் அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையோடு ஒட்டினாற்போல் பார்த்தார். "ராத்திரியில பறக்கறதுக்குத்தான் கறுப்பு அடிச்சாங்கன்னு சொன்னே? இது எண்ணெய் தேய்ச்ச எருமையாட்டம் மின்னுதேடா தம்பி."

இறக்கையின் மேல் டியூப் லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து கிடந்தது. அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை. அதற்கப்புறம் வேறெதுவும் படவில்லை.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது போல்டன் பால் டிஃபையன்ட், 1/48 அளவு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட விசித்திரமான சண்டை விமானங்களில் ஒன்று. முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. பைலட்டின் முதுகுக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டில் நான்கு. பின்னாலிருந்து துரத்தி வருபவனுக்கு அது அதிர்ச்சி கொடுத்தது, விஷயம் தெரியும்வரை. தெரிந்ததும் ஜெர்மானியர்கள் எதிரிலிருந்தும் கீழிருந்தும் வர ஆரம்பித்தார்கள். 1940 ஆகஸ்ட் முடிவதற்குள் பகல் சண்டையிலிருந்து டிஃபையன்டை விலக்க வேண்டியதாயிற்று. உடம்பு முழுக்கக் கறுப்பு அடித்து, லண்டன்மேல் குண்டு விழுந்த இரவுகளில் காவலுக்கு அனுப்பினார்கள்.

அந்த வேலையைச் செய்தவற்றில் ஒன்று 264வது ஸ்குவாட்ரன். இங்கிருந்து போன போர் நிதியின் பேரில் அதன் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' சேர்ந்துகொண்டது. அதிலிருந்த ஒரு விமானம் என்1801. பக்கவாட்டில் மங்கிய சிவப்பில் பிஎஸ்-பி என்ற எழுத்துகள். அதன் பெயர் 'கோயம்புத்தூர் 2'. பெரியப்பாவிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த கிட்டைத் தேடி வாங்கினேன். அவரோ ஊர் பெயரை ஒரு நொடி பார்த்துவிட்டு எருமைக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான், அதிலும் இந்த விமானத்துக்கு ரொம்பச் சரி. அப்போது இரவு விமானங்களுக்கு அடித்த பெயின்டுக்கு 'ஸ்பெஷல் நைட்' என்று பெயர். கரித்தூளை அப்பியதுபோல் சொரசொரப்பானது, ஒளியை விழுங்குவதற்கென்றே செய்தது. அந்தச் சொரசொரப்பு காற்றைப் பிடித்திழுத்து வேகத்தைத் தின்கிறது என்று பிறகு வழவழப்பான கறுப்புக்கு மாறினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சர்ச்லைட் வெளிச்சத்தில் மாட் கறுப்பைவிட, அதாவது மினுங்காத கறுப்பைவிட, பளபளக்கும் கறுப்புதான் கண்ணில் படாமல் தப்புகிறது என்று அமெரிக்கர்கள் சோதித்துக் கண்டார்கள். பி-61 பிளாக் விடோ கண்ணாடிபோல் மின்னும் கறுப்போடுதான் பறந்தது. ஆக, எருமை மின்னுவதிலும் நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் என் மேஜையில் இருந்தது பிளாக் விடோ இல்லை.

சரி, நான் அடித்தது மாட் வார்னிஷ்தான். புட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. பிறகு ஏன் மின்னியது?

மாட் என்றால் பளபளப்பு இல்லாத ஏதோ ஒரு திரவம் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு திரவமே கிடையாது. கிளியர் வார்னிஷ் எதுவானாலும் பிசின் காய்ந்தால் வழவழவென்றுதான் ஆகும். அதைக் கெடுக்கத்தான் சிலிக்காத் தூளைக் கலக்கிறார்கள், சில மைக்ரான் பருமனுள்ள துகள்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போது அவை உள்ளே மிதக்கும். தின்னர் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது அவற்றின் தலைகள் மேலே துருத்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டாகிவிடும். அங்கே விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறும். அவ்வளவுதான் மாட்.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் பேன்ட்டை நேரடியாகச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, தொடைப் பக்கம் பளபளவென்று ஆக்கிவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதே விஷயம் தலைகீழாகத் தெரிந்திருக்கும். நூலிழைகள் நிமிர்ந்திருக்கும்வரை துணி மங்கலாக இருக்கும். நசுங்கிப் படுத்துவிட்டால் மின்னும். நிறம் மாறவில்லை, மேல்பரப்புதான் மாறியது.

இவ்வளவு புரிந்ததும் என் முதல் தப்பு தானாகவே விளங்கியது. சிலிக்கா கனமானது, புட்டியின் அடியில் போய்ப் படியும். ஹாஸ்டல் சாம்பாரைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் பருப்பில்லாத தண்ணிதான் தட்டுக்கு வரும். நான் புட்டியை நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு மேல் தெளிவை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் பேனா போன்ற கருவி) ஊற்றியிருக்கிறேன். அதாவது மாட் வார்னிஷ் புட்டியிலிருந்து கிளாஸ் (gloss, பளபளக்கும்) வார்னிஷ் எடுத்து அடித்திருக்கிறேன். போதாததற்கு, நன்றாக மூடட்டும் என்று ஒரே தடவையில் ஈரமாக, தடிமனாக. படலம் தடித்தால் துகள்கள் அதற்குள் மூழ்கிவிடும், தலை வெளியே வராது.

இப்போதெல்லாம் புட்டியைத் திறந்து ஒரு குச்சியை அடிவரை விட்டுத் துழாவுகிறேன். குச்சி நுனியில் தயிர்போல ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் கலங்கவில்லை என்று அர்த்தம். ஸ்ப்ரே கேன் என்றால் உள்ளே கோலி உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் முழுசாக இரண்டு நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. கை வலித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த இரண்டு மாதம் டிஃபையன்டைத் தொடவில்லை. ஐஸ்கிரீம் கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு கட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வார்னிஷ் அடித்தேன். காம்பில் பெயர், தேதி, எத்தனை கோட் என்று எழுதி ஒரு தெர்மாகோல் பலகையில் குத்தி வைத்தேன். வீட்டில் இதற்கு 'ஸ்பூன் தோட்டம்' என்று பெயர் வந்தது. ஸ்பூன் ஏன் நல்லது என்றால் அதில் குழிவும் உண்டு, குவிவும் உண்டு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் எங்கேயாவது டியூப் லைட்டைப் பிடித்துக் காட்டிவிடும்.

பார்க்கும் விதமும் பெரியப்பாவிடம் கற்றதுதான். நேராக மேலிருந்து பார்த்தால் எல்லா ஸ்பூனும் மாட்தான். லைட்டை அதில் தேட வேண்டும். கிளாஸ் ஸ்பூனில் டியூப் லைட்டின் முனையில் இருக்கும் பிடிப்புவரை தெரியும். செமி கிளாஸில் ஓரம் கலைந்த ஒரு வெள்ளைப் பட்டை. நல்ல மாட்டில் கோடே இருக்காது, அந்தப் பக்கம் லேசாக வெளுத்திருக்கும், அவ்வளவுதான். பிறகு ஸ்பூனைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பார்வை மேல்பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல் மெல்லச் சாய்க்க வேண்டும். காணாமல்போன கோடு பல ஸ்பூன்களில் திரும்பி வந்துவிடும்! சரிந்த கோணத்தில் எந்தப் பரப்பும் அதிகமாகப் பிரதிபலிக்கும். சின்ன மேடுபள்ளங்கள் அந்தக் கோணத்தில் கணக்கிலேயே வராது. உச்சி வெயிலில் தார் ரோடு தூரத்தில் தண்ணிபோல் மின்னுவதற்குச் சூடான காற்று காரணம். மழை இல்லாத சாயங்காலத்தில் எதிர்வெயிலில் அதே ரோடு மின்னுவதற்கு இதுதான் காரணம்.

பெயின்ட் கம்பெனிக்காரர்களுக்கும் இந்தக் கதை தெரியும். மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்துக்கொண்டு, வழக்கமாக 60 டிகிரி கோணத்தில் ஒளியை விட்டுப் பளபளப்பை அளப்பார்கள். அளவு 10க்குக் கீழே போய்விட்டால் 85 டிகிரிக்கு மாற்றிக்கொள்வார்கள். மாட் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் உண்மையிலேயே மாட்தானா என்று அங்கேதான் தெரியும். பெரியப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது கிட்டத்தட்ட 85 டிகிரி.

ஸ்பூன் தோட்டத்தில் ஜெயித்தவை எவை என்று கேட்பீர்கள். தின்னரில் கரைத்த லாக்கர் (lacquer) வகையில் மிஸ்டர் கலரின் ஜிஎக்ஸ்114 எனக்கு மிகவும் பிடித்தது, துணிபோல் காய்கிறது. டமியாவின் டிஎஸ்-80 கேன் அதற்கு ஒரு படி கீழே, ஆனால் நம்பலாம். தண்ணீரில் கரையும் வகையில் ஏகே இன்டராக்டிவின் அல்ட்ரா மாட். கேன்களுக்கு நம்மூரில் ஒரு தொல்லை உண்டு. எரியக்கூடிய வாயு அடைத்தது என்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடலாம் என்ற கனவெல்லாம் பலிக்காது. கடையில் இருக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வதுதான். இல்லையென்றால் ஏர்பிரஷ்ஷும் தண்ணி வார்னிஷும்.

ஸ்பூன் தேர்வு முடிந்து திரும்ப டிஃபையன்டுக்கு வந்தேன். இங்கே ஒரு அதிபுத்திசாலித்தனம் செய்தேன். சிலிக்காதான் மாட் என்றால், கூடுதல் சிலிக்கா கூடுதல் மாட் இல்லையா? பளபளப்பைக் குறைக்க, பெயின்டில் கலப்பதற்கென்றே ஃபிளாட் பேஸ் என்று விற்கிறார்கள். டமியாவின் எக்ஸ்-21 போல. தனியாக அடிக்கக் கூடாது, கொஞ்சமாகச் சேர்க்க வேண்டிய சரக்கு. நான் என்னிடமிருந்த ஒன்றைக் கண் அளவில், தாராளமாக ஊற்றிக் கலந்தேன். அடிக்கும்போது அற்புதமாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கோயம்புத்தூர் 2 திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறது. இறக்கைகளின் அடியில், ரிவெட் வரிசைகளில், கண்ணாடிக் கூண்டைச் சுற்றி, எல்லா இடத்திலும் வெள்ளை.

அழுகை வரவில்லை, ஆனால் காபி இறங்கவில்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததிலேயே உருப்படியானது. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து அந்த வெள்ளையின்மேல் வைத்தேன். சொட்டு விழுந்த வட்டத்தில் மட்டும் கறுப்பு, அச்சு அசலான ஆழமான கறுப்பு, எழுத்துகூடத் துல்லியமாகத் தெரிகிறது. தண்ணீர் காயக் காய வட்டம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து மூடிவிட்டது. சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த காலத்தில் பார்த்ததேதான்.

அப்படியென்றால் அந்த வெள்ளை ஒரு நிறமே இல்லை. சிலிக்கா தன்னளவில் கண்ணாடிதான். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.46, அக்ரிலிக் பிசினுடையது சுமார் 1.49. இரண்டும் பக்கம் பக்கம் என்பதால் பிசினுக்குள் இருக்கும் துகள் கண்ணுக்குத் தெரியாது, நிறத்தைக் கெடுக்காது. ஆனால் துகள் அதிகமாகி, எல்லாவற்றையும் நனைத்துப் பிடிக்கப் பிசின் போதாமல் போனால் இடுக்கில் காற்று நிற்கும். கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவே ஒளி முட்டி மோதிச் சிதறும். கற்கண்டு கண்ணாடிபோல் இருக்கிறது, அதையே பொடித்தால் வெள்ளை மாவு. கோயம்புத்தூர் 2 மேல் இருந்தது பொடித்த கற்கண்டு.

காற்று இருக்கும் இடத்தை நிரப்பிவிட்டால் போதும் என்றால் மருந்தும் கையிலேயே இருக்கிறது: கிளாஸ் கிளியர். அதை மெல்லிசாக இரண்டு தடவை அடித்தேன். வெள்ளை கண்முன்னே கறுப்புக்குள் இறங்கி மறைந்தது. திரும்பவும் எண்ணெய் தேய்த்த எருமை, ஆனால் இந்தத் தடவை நான் அதை அன்போடு பார்த்தேன். விலை என்னவென்றால், இத்தனை அடுக்கு ஏறியதில் தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய பேனல் கோடுகள் சில மூழ்கிவிட்டன. இன்றைக்கும் இடது இறக்கை கொஞ்சம் மொழுக்கென்றுதான் இருக்கிறது.

கிளாஸ் என்ற கட்டம் எப்படியும் வேண்டியதுதான். மாட் பரப்பில் டெக்கால் (எழுத்துகளும் சின்னங்களும் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டினால் மேடுபள்ளத்துக்கு நடுவே காற்று மாட்டிக்கொண்டு, எழுத்தைச் சுற்றியிருக்கும் தெளிவான படலம் வெள்ளி ஜரிகைபோல் மின்னும். கறுப்பில் அது ஊருக்கே தெரியும். அதனால் கிளாஸ் அடித்து, அதன்மேல் டெக்கால், அதை மூட ஒரு மெல்லிய கோட், கடைசியில் மாட். நான் முதலில் ஒட்டியவை ஓரிடத்தில் ஜரிகை காட்டிக்கொண்டிருந்தன. மேலே எத்தனை மாட் அடித்தாலும் அது போகாது, அடியில் இருக்கும் காற்றுக்கு மேலே அடிப்பது என்ன தெரியும்? ஊசியால் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வைத்து ஒருவழியாகப் படிய வைத்தேன்.

வெள்ளைக்கு இன்னொரு முகமும் உண்டு. இது சென்னையில் இருப்பவர்களுக்குப் பழகிய எதிரி. லாக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். கை நகப்பூச்சை அழிக்கும் திரவம் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி பூக்கும், பூச்சுக்குள் நீர்த்துளிகள் மாட்டிக்கொள்ளும், காய்ந்தபின் நுண்ணிய வெற்றிடங்களாக நிற்கும். மறுபடி காற்று, மறுபடி வெள்ளை. ஐப்பசி மழை நாளில் ஒரு டாங்கிக்கு அவசரப்பட்டு அடித்துவிட்டு இதைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் இதற்கு நேரெதிர். துளி பரப்பைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, தூளாகப் போய் உட்காரும், தடவினால் மணல் தாள்.

அதனால் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி ஜன்னலோரம் மாட்டினேன். என் வீடு கடலிலிருந்து நாலு கிலோமீட்டர். காலை எட்டு மணிக்கு 80க்கு மேல் காட்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற இறங்கும். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏறும். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் எனக்கு வாய்த்தது. மாட் அடிக்க நல்ல நேரம் பார்ப்பவன் என்று வீட்டில் பெயர் வாங்கியிருக்கிறேன், பஞ்சாங்கம் மட்டும்தான் பாக்கி.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீட்டர் 58. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கரிவடிகட்டி உள்ள மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டின் மாஸ்கிங் டேப் ஓரங்களை நகத்தால் இன்னொரு தடவை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஏர்பிரஷ்ஷில் 0.4 மில்லிமீட்டர் நாசில். சின்ன நாசிலைச் சிலிக்கா அடைத்துவிடும். காற்றழுத்தம் 18 பிஎஸ்ஐ. ஒரு சாண் தூரத்தில், இறக்கைக்கு வெளியே ஆரம்பித்து வெளியே போய் முடிகிற மாதிரி நிற்காத வீச்சு. நனைந்தும் நனையாமல் ஒரு மூட்டம் மட்டும். மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருக்குமே பனி, அவ்வளவு ஈரம். பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. நாலாவது மூட்டத்தில் டியூப் லைட் கோடு உடைந்தது. ஐந்தாவதில் இல்லை. ஆறாவது அடிக்கக் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை.

காய்ந்தபின் பார்த்தால் அது கறுப்பே இல்லை, அடுப்பு அணைந்து ஆறின கரியின் நிறம். முதலில் திக்கென்றது. யோசித்தால் அதுவும் நியாயம்தான்: எல்லாப் பக்கமும் சிதறும் வெளிச்சத்தில் ஒரு பங்கு எப்போதும் கண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும், கறுப்பைச் சற்றுச் சாம்பலாக்கும். அந்தச் சாம்பலில்தான் இத்தனை நாள் காணாமல்போயிருந்த ஏலிரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல்) விளிம்பும் எக்ஸாஸ்ட் குழாயின் நிழலும் தெரிந்தன. மங்கிய சிவப்பு எழுத்துகள் தனியாக ஒட்டினவைபோல் இல்லாமல் உடம்போடு கிடந்தன. ஜரிகை இருந்த இடம் எது என்று எனக்கே சொல்ல முடியவில்லை.

டேப்பை உரித்தபோது கூண்டில் ஒரு கண்ணாடிக்குள் மட்டும் மாட் கசிந்து, மூலையில் புகை படிந்ததுபோல் இருந்தது. அதைப் பாலிஷ் கிரீம் தொட்ட பஞ்சுக் குச்சியால் அரைமணி நேரம் தேய்த்து முக்கால்வாசி எடுத்தேன். மீதி கால்வாசியைச் சுடும் வீரரின் மூச்சு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா மறுபடி வந்தார். கேட்காமலேயே அலமாரியிலிருந்து எடுத்து லைட்டுக்கு நேராகத் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு கவிழ்த்து, வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார், மில்லில் ஷாஃப்டைத் தடவிப் பார்த்த அதே விரல். "இப்பத்தான் கரி மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ராத்திரி அலமாரியை மூடும்போது பார்த்தேன். அவர் தேய்த்த இடத்தில் துகள்களின் தலைகள் நசுங்கி, பெருவிரல் அகலத்துக்கு யூனிஃபார்ம் பேன்ட்போல் மினுங்குகிறது. ஒரு மூட்டம் போட்டால் போய்விடும். மீட்டர் 61 காட்டியது. புட்டியை எடுத்துக் குச்சியை விட்டேன், அப்புறம் மூடி வைத்துவிட்டேன். கோயம்புத்தூர்க்காரர் கை பட்ட இடம், இருக்கட்டும்.